ஆள் பார்க்கிற வேலை: இல்லமா, ஏஜென்சியா, ஊருக்குள் ஒரு வீடா?

என் நாத்தனார் மகளுக்கு 27 வயது. ஈப்போ பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். ஆள் குறைத்தார்கள், அவளும் வெளியே வந்துவிட்டாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்: "அத்தை, நீங்க செய்யுற வேலைக்கு நானும் வரலாமா?"

வயதானவர்களையும் உடம்புக்கு முடியாதவர்களையும் பார்த்துக்கொள்கிற வேலையில் நான் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில். அடுத்த இரண்டு வருடம் ஏஜென்சி அனுப்பி, கோலாலம்பூரில் வீட்டோடு தங்கி. அதற்கப்புறம் இங்கேயே, சுங்கை சிப்புட்டில், வீடு வீடாகப் போய். அவள் கையிலும் அதே மூன்று வழிகள்தான் இருந்தன. பட்டணத்து முதியோர் இல்லம் ஒன்றில் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கோலாலம்பூர் ஏஜென்சி ஒன்று, தங்கி வேலை, சாப்பாடு படுக்கை எல்லாம் சேர்த்து 2,500 என்றது. மூன்றாவது நம் ஊரிலேயே ஒரு வீடு. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர் மனைவிக்கு முட்டிவலி, மகன் ஜொகூரில். காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, வாரம் ஆறு நாள், 1,300 வெள்ளி.

"2,500தானே அத்தை பெருசு?" என்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு கேட்டியா?"

"தங்கித்தானே வேலை" என்றாள். அந்தப் பதிலில்தான் எல்லாமே இருக்கிறது. ஆனால் கணக்குக்கு முன்னால் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். இதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "ஆயா வேலை", "பெம்பர்ஸ் மாற்றுகிற வேலை" என்றுதான் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் அது சின்னப் பகுதி.

நான் இப்போது பார்க்கிற ஒரு தாத்தா கமூனிங் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு மலிவுவிலை வீட்டில், மனைவி போனபிறகு தனியாக இருக்கிறார். வலது கையும் காலும் சரியாக வராது. காலையில் நான் போகும்போது அவர் எழுந்து உட்கார்ந்திருப்பார். விடியற்காலைப் பெரட்டுக்கு, தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போன உடம்பு, நாலரைக்கு மேல் தூங்காது. சட்டை போடவேண்டும். முடியாத கையை முதலில் சட்டைக்குள் விட்டு, பிறகு நல்ல கையை விடவேண்டும். கழற்றும்போது தலைகீழ், நல்ல கை முதலில் வெளியே வரும். இது தெரியாமல் இழுத்தால் தோள்மூட்டு வலிக்கும். சரி, சட்டை ஏறிவிட்டது, இனி பொத்தான். இடது கையால் ஒவ்வொன்றாகப் போடுவார். ஐந்து பொத்தானுக்கு ஒருநாள் பதினொரு நிமிடம் ஆனது, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். என் கை பரபரத்தது. நான் போட்டால் அரை நிமிட வேலை. ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நாலாவது பொத்தான் தப்பான ஓட்டையில் நுழைந்தது, அவரே பார்த்துக் கழற்றித் திரும்பப் போட்டார்.

ஒரு பெருநாள் விடுமுறைக்கு அவர் மகன் வந்திருந்தார். பாவம் அப்பா கஷ்டப்படுகிறாரே என்று குனிந்து சடசடவென்று எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டார். மகன் நல்ல மனுஷன். ஆனால் தாத்தா அன்று முழுக்க அந்தச் சட்டையின் நெஞ்சுப்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார், கோப்பி ஓ கூடத் தானாகக் கலக்கவில்லை. வழக்கமாக நான் கேத்தலில் கால்வாசித் தண்ணீர் மட்டும் பிடித்து வைப்பேன், தூக்க லேசாக இருக்கும். மேசையருகே உட்கார்ந்தபடி அவரேதான் ஊற்றுவார். கொஞ்சம் சிந்தும், துடைத்தால் போயிற்று.

ஆளைப் பார்த்துக்கொள்வதில் பாதி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது. இல்லம், ஏஜென்சி, வீடு என்று மூன்றையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது சம்பளத்தை இல்லை. அந்தப் பதினொரு நிமிடத்தை எனக்கு யார் தருவார்கள் என்பதைத்தான்.

இல்லத்தில் கிடைக்காது. நான் இருந்த இல்லத்தின் பெயர் வேண்டாம். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள், இரவு வேலைக்கு இரண்டு பேர். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளியல் தொடங்கிவிடும், ஏழரைக்குள் எல்லோரும் பசியாற உட்கார்ந்திருக்க வேண்டும். நடந்து கழிவறைக்குப் போகக்கூடியவர்களுக்கும் பெம்பர்ஸ் கட்டினோம், ஏனென்றால் ஒருவரை நடத்திக் கூட்டிப்போய்க் கொண்டுவரப் பத்து நிமிடம், பெம்பர்ஸ் மாற்ற மூன்று நிமிடம். என் கண் முன்னால் ஒரு பாட்டி, வாக்கரைப் பிடித்து நடந்து வந்து சேர்ந்தவர், இரண்டு மூன்று மாதத்தில் சக்கர நாற்காலிக்குப் போனார். நோய் முற்றவில்லை, நடக்கவிடவில்லை, அவ்வளவுதான். பயன்படாத கால் சீக்கிரம் வற்றிவிடும். யாரையும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆளுக்கு மேல் ஆளாக வேலை பார்த்தோம். முதலாளியும் சில நாள் வந்து மாப் போட்டார்.

ஆனாலும் இல்லத்தை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். என் கைக்குத் தொழில் வந்தது அங்கேதான். ஒரு வருடத்தில் பக்கவாதம், இனிப்புநீர்ப் புண், மறதி நோய், மூக்கில் குழாய் என்று எல்லா வகையும் பார்த்துவிடலாம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப் புண்ணின் முதல் சிவப்பைக் கண்டுபிடிப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நல்ல பக்கம் நாற்காலியைப் பார்க்கிற மாதிரி வைப்பது, குனியாமல் முட்டியை மடித்துத் தூக்குவது. இதையெல்லாம் பக்கத்தில் ஒரு மூத்த ஆள் நின்று, "அப்படி இல்லம்மா, இப்படி" என்று சொன்னால்தான் வரும். தனி வீட்டில் முதல் நாளே இறங்கினால் யார் சொல்வார்கள்? தூக்கத் தெரியாமல் முதுகைப் போக்கிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும்.

சட்டப்படியும் இல்லம்தான் மூன்றில் கெட்டியானது. அங்கே நீங்கள் தொழிலாளி. குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி 2025 பிப்ரவரியில் வந்தது, ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கிற முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து பொருந்தும். வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைம். சேமநிதிக்கு உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடித்தால், முதலாளி 13 விழுக்காடு போடுவார். சொக்சோ, அதாவது வேலையில் அடிபட்டால் கைகொடுக்கிற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, உண்டு. போய்ச் சேர்வதற்கு முன்பு சுவரைப் பாருங்கள்: நான்கு பேரையோ அதற்கு மேலோ வைத்துப் பராமரிக்கிற இடம் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். சான்றிதழ் மாட்டியிருந்தால் நல்லது. மாட்டாத இடத்தில் சேமநிதியும் ஒழுங்காகப் போகும் என்று நான் நம்பமாட்டேன். 12 மணி நேர ஷிப்டு என்றால், ஓவர்டைம் எப்படி என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் கேட்கவில்லை.

ஏஜென்சிக்கு வருவோம். காசு அங்கேதான் கண்ணில் தெரிகிறது, ஏனென்றால் செலவே இல்லை. வாடகை இல்லை, சாப்பாடு அவர்களுடையது, மாதக் கடைசியில் சம்பளம் முழுசாக வீட்டுக்கு வரும். என் மகனின் பாலிடெக்னிக் செலவை அந்த இரண்டு வருடச் சம்பளத்தில்தான் அடைத்தேன். அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

நான் பார்த்தது செராஸில் ஒரு சீனப் பாட்டியை. பகலில் பெரிய வேலை இல்லை. இரவில்தான். மறதி நோய் உள்ளவர்களுக்குச் சாயங்காலத்துக்கு மேல் ஒரு பதற்றம் வரும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் திறக்கப் போவார். நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தேன், அவர் கால் என்மேல் பட்டால்தான் எழமுடியும் என்று. அப்படி எத்தனை இரவு! மறுநாள் காலை ஆறுக்குக் கஞ்சி. சம்பளச் சீட்டில் அந்த இரவுகளுக்கென்று தனிக் காசு எதுவும் இல்லை.

இங்கேதான் சட்டம் கொஞ்சம் கசக்கிறது. ஒரு குடும்பத்தின் வீட்டில், அந்தக் குடும்பமே வேலைக்கு வைத்தால், உங்களை வீட்டுப் பணியாளர் கணக்கில்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் வேலை நேரம், வாராந்திர ஓய்வு, பொது விடுமுறை பற்றிய பகுதி வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. குறைந்தபட்ச சம்பள ஆணையும் பொருந்தாது. சேமநிதி போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. இருப்பது இவ்வளவுதான்: வேலையை விட்டு நிறுத்துவதானால் 14 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அப்புறம் 2021 ஜூனிலிருந்து சொக்சோ. ஏஜென்சி தன் ஊழியராக உங்களை எடுத்தால் கதை வேறு. ஆனால் நிறையப் பேர் "ஃப்ரீலான்ஸ்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்படியானால் குடும்பம் ஏஜென்சிக்குக் கொடுப்பது ஒரு தொகை, உங்கள் கைக்கு வருவது வேறு தொகை, சேமநிதி பூஜ்யம். ஏஜென்சிக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், அதன் எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

சரி, கணக்கு. நாத்தனார் மகளை உட்காரவைத்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். இல்லத்தில் 1,700 வெள்ளி, வாரம் 45 மணி நேரம் என்றால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஆசிரியர் வீட்டில் மாதம் 26 நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், ஆக 130 மணி நேரம். 1,300ஐ வகுத்தால் மணிக்குப் பத்து வெள்ளி. கோலாலம்பூரில் இரவை விட்டுவிடுவோம், விழித்திருக்கிற 14 மணி நேரத்தை மட்டும் 26 நாளுக்குப் போட்டால் 364 மணி நேரம். 2,500ஐ வகுத்தால் மணிக்கு ஏழு வெள்ளிகூட இல்லை.

"அப்ப அதுதான் ரொம்பக் கம்மியா?" என்று வாயில் கை வைத்தாள்.

சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்தால் அவ்வளவு கம்மி இல்லை, அதையும் சொன்னேன். கடன் இருக்கிறது, ஒரு வருடத்தில் அடைக்கவேண்டும், வீட்டில் உங்களை எதிர்பார்க்கிற சின்னக் குழந்தை இல்லை என்றால் தங்கி வேலை சரியான தேர்வுதான். தேதி போட்டுக்கொண்டு போகவேண்டும், இத்தனை மாதம் என்று. தேதி போடாமல் போனவர்கள் அங்கேயே வயதாகிவிடுகிறார்கள்.

சிங்கப்பூரையும் ஒரு வார்த்தை கேட்டாள். அங்கே தாதிமை இல்லங்களில் நம் ஆட்கள் வேலை செய்கிறார்கள், நாணய மதிப்பு கண்ணைப் பறிக்கும். ஜொகூரில் இருந்தால் தினம் போய்வரலாம். பேராவிலிருந்து போனால் அங்கே வாடகைக்குப் படுக்கவேண்டும். அவளுக்கு அதில் மனசு இல்லை, விட்டுவிட்டோம்.

இனி ஊருக்குள் வீடு. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும், அதனால் முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆள் போனால் வேலையும் போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் மூன்று வருடம் பார்த்த ஒரு பாட்டி, எல்பில் தோட்டத்தில் பிறந்தவர். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் துரைமார் மூவரைச் சுட்ட கதையைக் குளிக்கும்போதெல்லாம் சொல்வார். அப்போது எட்டு வயதுப் பிள்ளையாம். அம்மா பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து இவரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்களாம். ஒரு நாள் வாளி, ஒரு நாள் மண்வெட்டி, கதையில் சாமான் மாறும். ஒரு வியாழக்கிழமை காலை நான் போய்க் கதவைத் தட்டியபோது பாட்டி இல்லை. அழுதேன், சாமான் எடுத்துவைத்தேன், வந்தவர்களுக்குத் தேநீர் கலந்தேன், பதினாறாம் நாள் வரைக்கும் போனேன். அந்தப் பதினாறு நாளுக்கும் சம்பளம் வரவில்லை. அவர்களும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. துக்க வீட்டில் எப்படிக் கேட்பது? அதற்கப்புறம் அடுத்த வீடு கிடைக்க இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது.

அதனால் இப்போது ஒரே வீட்டை நம்பி நிற்பதில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வாரம் இரண்டு நாள் மூன்றாவதாக ஒன்று. ஒன்று போனாலும் அடுப்பு எரியும். தாளில் எழுதியும் வாங்குகிறேன், பெரிய ஒப்பந்தமெல்லாம் இல்லை, ஒரு பக்கம்தான்: என்ன நேரம், என்ன வேலை, எது என் வேலை இல்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் சம்பளம் எப்படி, காலமாகிவிட்டால் எத்தனை நாள் சம்பளம். கடைசி வரியை எழுதும்போது பிள்ளைகள் முகம் மாறும். பெரியவர்கள் முகம் மாறாது. அந்த ஆசிரியரைப் போன்ற ஒருவர்தான் எனக்கு அந்த வரியைத் திருத்தமான தமிழில் எழுதிக் கொடுத்தார், "எனது மறைவுக்குப் பின்" என்று தொடங்கி.

"எது என் வேலை இல்லை" என்பதில் சண்டை வரும். அம்மாவைப் பார்க்க வந்தவரிடம் மருமகள் துணி மடிக்கச் சொல்வார், பேரன் வந்தால் மீன் பொரிக்கச் சொல்வார்கள். கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், நம் ஆட்கள்தானே. ஆனால் ஊசி போடச் சொன்னாலும், மூக்குக் குழாயைக் கழற்றி மாட்டச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அது தாதியின் வேலை. வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதியர் சேவை சுகாதார அமைச்சின் கிளினிக்குகளில் 2014லிருந்து இருக்கிறது. படுத்த படுக்கையானவர் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே குடும்பத்தார் அதைப் பற்றிக் கேட்கவேண்டும். அந்தத் தாதியோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கற்றதில் பாதி, அவர் புண்ணுக்கு மருந்து கட்டும்போது பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கற்றது.

சேமநிதியும் சொக்சோவும் ஊருக்குள் வேலை செய்பவருக்குத் தானாக வராது, தானாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஐ-சாரான் என்ற திட்டத்தில் நாமே சேமநிதி போட்டால் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துப் போடுகிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. வருடம் 2,500 போட்டால் அந்த 500 முழுசாகக் கிடைக்கும், மாதத்துக்கு 210 வெள்ளிக்குள்தான். சுயதொழில் சொக்சோவில் ஆண்டுக்கு 232 வெள்ளி 80 காசுத் திட்டத்தில் நான் இருக்கிறேன். ஈரமான குளியலறையில் ஒருவரைத் தாங்கிப் பிடிக்கிற வேலை இது, வழுக்கினால் இரண்டு பேரும் விழுவோம். ஆசிரியர் வீடு போல ஒரே வீட்டில் மாதச் சம்பளம் என்றால் சொக்சோவில் பதிவது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு, அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

இப்படி எல்லாம் கழித்தபிறகும் ஏன் ஊருக்குள் வீடு என்கிறேன்?

தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. அம்மாக்கள் விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது பிள்ளைகளைத் தூளியில் போட்டுவிட்டுப் போவார்கள், ஒரு கிழவி எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். நானும் அந்தத் தூளியில் ஆடியவள்தான். வயதானவர்களுக்கு என்று ஒரு கொட்டகை தோட்டத்தில் இருந்ததில்லை, தேவையும் இருந்ததில்லை, லயத்தில் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டினால் ஆள் வரும். இப்போது தோட்டங்கள் கைமாறி, லயம் போய், நம் ஆட்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும். பெரியவர்கள் அசைய மாட்டேன் என்கிறார்கள். மகன் வீட்டுக் கொண்டோவில் பதினாலாவது மாடியில் உட்கார்ந்து என்ன செய்வது, இங்கேயாவது மாரியம்மன் கோயில் மணி கேட்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது.

தமிழ் பேசுகிற ஆளுக்கு அங்கே மதிப்பு அதிகம். மறதி நோய் வந்தவர்கள் பலருக்குப் பிற்பாடு கற்ற மொழிகள் முதலில் கழன்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். நாற்பது வருடம் கிராணியோடும் மேனேஜரோடும் மலாயும் ஆங்கிலமும் பேசியவர், கடைசியில் "தண்ணி" என்று மட்டும்தான் கேட்கிறார். வெளிநாட்டுப் பணிப்பெண் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், "கெறக்கமா இருக்கு" என்று பாட்டி சொன்னால் அது தலைசுற்றலா பசியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நமக்கே சில நேரம் தெரிவதில்லை.

பதினொரு நிமிடமும் அங்கேதான் கிடைக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு ஆள். அவசரப்படுத்த மணி அடிப்பவர் யாரும் இல்லை. தாத்தாவுக்கு நான் போன முதல் மாதத்தில் கைலியைக் கட்டிவிட வேண்டியிருந்தது. இப்போது இடுப்பில் எலாஸ்டிக் தைத்த கைலி, தானே ஏற்றிக்கொள்கிறார். தைத்தது பாசாரில் ஒரு தையல்காரர், நாலு வெள்ளி. குளியலறைப் படியில் சொரசொரப்பான டேப் ஒட்டினோம். கைக்கு எட்டுகிற தட்டில் விபூதிச் சம்படத்தை இறக்கி வைத்தோம், அதுவரை சாமி மேடை அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சின்ன வேலைகள்தான். இதையெல்லாம் செய்யச் சொல்லி எந்தச் சம்பளச் சீட்டிலும் எழுதியிருக்காது.

இதில் எல்லோருக்கும் இடம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆள் வைத்துக்கொள்ளப் பிள்ளைகள் பணம் அனுப்பவேண்டும். சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025லிருந்து மாதம் 600 வெள்ளி, அதில் அரிசி வாங்குவார்களா, எனக்குச் சம்பளம் கொடுப்பார்களா? பிள்ளைகளும் இல்லாதவர்களுக்கு இலாகாவின் வீட்டு உதவித் தொண்டூழியர்கள் வந்து பார்ப்பதுண்டு. அது சேவை, பிழைப்புக்கு ஆகாது. ஆனால் இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்கள் அதில் சேர்ந்து நாலு வீடு போய்ப் பார்க்கலாம், நல்ல பழக்கம் வரும். ஆண்களும் வரலாம். தூக்கவும் குளிப்பாட்டவும் ஆண் வேண்டும் என்று கேட்கிற வீடுகள் இருக்கின்றன, ஆள்தான் இல்லை. என் கணவரிடம் சொன்னேன், சிரித்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

சான்றிதழ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: முதியோர் பராமரிப்பில் மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைப் படம், குறிப்பு, கடிதம் என்று தொகுத்துக் காட்டி முன்னனுபவ அடிப்படையில் வாங்குகிற வழியும் உண்டு. நான் அப்படித்தான் முயன்றுகொண்டிருக்கிறேன். அதனால், இல்லத்தில் இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள், எந்தத் தேதியில் என்ன கற்றீர்கள் என்று. நான் எழுதிவைக்காமல் இப்போது ஞாபகத்தில் துழாவுகிறேன்.

ஆக, என் நாத்தனார் மகளுக்கு நான் சொன்னது: நேராக ஆசிரியர் வீட்டுக்குப் போகாதே, ஆறு மாதமாவது இல்லத்தில் இருந்து கையைப் பழக்கிக்கொள், அப்புறம் வீடு. கோலாலம்பூர் வேண்டாம், உனக்குக் கடன் இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆறு மாசம் அந்த சார் காத்திருப்பாரா அத்தை?" என்றாள். நல்ல கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு முதல் சில மாதங்கள்தான் கை கால் திரும்பி வருவதற்கு நல்ல காலம். அவர் காத்திருக்கக்கூடாது.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. அவள் இல்லத்தில் மதிய ஷிப்டில் சேர்கிறாள், பகுதி நேரமாக எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் ஆசிரியர் வீடு. முதல் மூன்று வாரம் நானும் கூடப் போகிறேன், என் காலை வீட்டைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன். தாத்தா முறைத்தார். சாயங்காலம் சட்டை மாற்றுவது அவருக்குப் பிடிக்காதாம், கசங்கிய சட்டையோடுதான் ஏழு மணிச் செய்தி பார்ப்பாராம். பார்க்கட்டும்.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். டீச்சரம்மா முறுக்கும் தேநீரும் வைத்து முன்னறையில் உட்காரச் சொன்னார்கள். நான் முன்னறையைப் பார்க்கவில்லை, நேரே குளியலறைக்குப் போனேன். தரை டைல்ஸ் வழவழ. பிடிகம்பி இல்லை. கழிவறை குந்தி உட்காருகிற வகை. அவர் தினமும் அங்கே எப்படிப் போய்வருகிறார் என்று கேட்டேன். "நான்தான் பிடிச்சிக்கிறேன்" என்றார் டீச்சரம்மா, தன் முட்டியைத் தடவிக்கொண்டே. அளவு நாடா என் பையில் எப்போதும் இருக்கும். நாத்தனார் மகளிடம் ஒரு முனையைக் கொடுத்து, இடது பக்கச் சுவரில் பிடிக்கச் சொன்னேன், அவருக்கு நல்ல கை இடது. ஆசிரியர் வாசற்படியில் நின்று, "எழுபத்தஞ்சு சென்டிமீட்டர்ல போடும்மா, நான் குள்ளம்" என்றார்.